விலங்குக் காப்பக வேலைக்கு நெல்லையிலிருந்து தயாராவது எப்படி?

தெருநாய்க் கருத்தடை மையம், நாய் பூனைக் காப்பகம், கோசாலை என்று ஏதாவது ஓர் இடத்தில் வேலைக்குச் சேர வேண்டும், அதுவும் முறையாகக் கற்றுக்கொண்டு சேர வேண்டும் என்று திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்துகொண்டு நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்தவர், டிகிரி கையில் வைத்திருப்பவர், ஏற்கெனவே தெருவில் நாய்களுக்குச் சோறு வைத்துக்கொண்டிருப்பவர், யாராக இருந்தாலும் சரி.

இந்த வேலைக்கென்று ஒரே படிப்பு, ஒரே வாசல் கிடையாது. நான் விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில் "அதெல்லாம் சென்னையில கேளுங்க" என்றார்கள். சென்னைக்குப் போன் போட்டால் "உங்க மாவட்டத்திலேயே கேட்டுப் பாருங்க" என்றார்கள். பயிற்சிகள் இருக்கின்றன, ஆனால் ஒன்று ராமையன்பட்டியில், ஒன்று ஊட்டியில், ஒன்று இணையத்தில், ஒன்று ஹைதராபாத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. நாமேதான் அவற்றை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். வரிசை தப்பினால் பணமும் போகும், மாதங்களும் போகும்.

இப்போது ஏன் அவசரம் என்றால், ஆள் தேவை கூடிவிட்டது. தெருநாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று போட்ட உத்தரவு, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்கிறது. காப்பகம் கட்டச் சில மாதம் போதும். நாயைத் தொடத் தெரிந்த கை உருவாக அதைவிட அதிகக் காலம் ஆகும். பயிற்சி இல்லாத ஆளைக் கூண்டுக்குள் அனுப்பினால் ஆளுக்கும் கேடு, நாய்க்கும் கேடு.

1. என்ன வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"விலங்குகளோடு வேலை பார்க்கணும்" என்று மட்டும் போய் நின்றால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். காப்பகத்தில் இருக்கும் வேலைகளைத் தோராயமாகப் பிரித்தால்: கூண்டு பராமரிப்பவர், நாய் பிடிப்பவரும் வண்டி ஓட்டுபவரும், ஆபரேஷன் அறையில் மருத்துவருக்கு உதவுபவர், பதிவேடு, தத்துக் கொடுப்பது, புகார் எழுதுவது ஆகியவற்றைப் பார்க்கும் அலுவலக ஆள், அப்புறம் மருத்துவர்.

மருத்துவர்தான் ஆக வேண்டும் என்றால் பாதை தெளிவாக இருக்கிறது. பி.வி.எஸ்சி. படிப்பு, உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது; தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பம் பிளஸ் டூ முடிவுகள் வருகிற சமயத்தில் இணையத்தில் திறக்கும். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தை மட்டும் பாருங்கள்.

மற்ற வேலைகளுக்கு வருகிறவர்கள் ஒரு சட்ட எல்லையை மனதில் வைக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். சில சிறு சிகிச்சைகளை மாநில அரசு அனுமதித்தவர்கள் மட்டும், அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். ஆகவே எந்தக் குறுகிய காலப் படிப்பு முடித்தாலும் நீங்களாக ஊசி போடவோ மருந்து எழுதவோ உரிமை வராது. "மூணு மாசத்துல குட்டி டாக்டர் ஆகலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. தடுப்பூசி: எல்லாவற்றுக்கும் முன்னால்

பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். பயிற்சிக்குத் தேதி கிடைத்த பிறகு ஓடி அலைகிறார்கள். இதை முடிக்கவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அதனால் இதிலிருந்து தொடங்குங்கள்.

நாய் கடிக்கும் முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள். கடித்த பிறகு போடும் ஊசி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலும் (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். ஆனால் கடிக்கு முன் போடுவதற்கு இருப்பைப் பொறுத்து "இல்லை" என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். தனியாரிடம் போட்டுக்கொள்ளும்படி ஆகும். குப்பி ஒன்று சுமார் 400 ரூபாய்; மூன்றுக்கும் ஊசி போடும் கட்டணத்துக்கும் சேர்த்து 1,500 முதல் 2,000 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்து போனால், தோலுக்குள் போடும் முறையில் ஒரு குப்பியைப் பலருக்குப் பகிரலாம். அந்த முறை தெரிந்த மருத்துவமனையா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

இதைப் போட்டு வைத்தவரை நாய் கடித்தால் முதல் நாளும் 3ஆம் நாளும் என இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ஆனால் ஊசி போட்டிருக்கிறோம் என்று கடியைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது எல்லோருக்கும் பொது. மஞ்சளோ சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைக்கக் கூடாது.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் அதையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஊசிக்கும் தேதி, குப்பியின் தொகுதி எண், மருத்துவமனை முத்திரையோடு அட்டை வாங்குங்கள். "போட்டாச்சு" என்று வாயால் சொன்னால் எந்தப் பயிற்சி மையமும் ஏற்காது.

3. ஒரு கோப்பு போடுங்கள்

கேட்கும்போது தேடுவதை விட முன்பே அடுக்கி வைப்பது நல்லது:

- ஆதார், மதிப்பெண் சான்றிதழ்கள், நான்கைந்து பாஸ்போர்ட் அளவுப் படங்கள்
- தடுப்பூசி அட்டை நகல்
- பதிவு பெற்ற மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று. ஆஸ்துமா, விலங்கு முடி ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்
- காவல்துறை நன்னடத்தைச் சான்று. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். நான் எடுத்தபோது 500 ரூபாய். வீட்டு முகவரியும் ஆதார் முகவரியும் வேறு வேறாக இருந்தால் விசாரணையிலேயே நின்றுபோகும். முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள்
- ஓட்டுநர் உரிமம்

கடைசியில் இருப்பதுதான் பலருக்குத் தோன்றாதது. வண்டி ஓட்டத் தெரிந்த கையாளுக்குக் காப்பகத்தில் மதிப்பே வேறு. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்ட 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். தடுப்பூசி போடத் தொடங்கும் அதே வாரம் எல்.எல்.ஆர். போட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாக முடியும்.

4. கையில் வேலை பழகுவது

இதற்குத்தான் அதிக நாள் கொடுக்க வேண்டும். உள்ளூரிலேயே முடியும், செலவும் பஸ் காசுதான்.

முதலில் பக்கத்து மாட்டாஸ்பத்திரி. அரசு கால்நடை மருந்தகங்களில் காலை நேரத்தில் கூட்டம் இருக்கும். ஆள் குறைவாக இருக்கும். மருத்துவரிடம் நேரில் போய், "டாக்டர், காப்பக வேலைக்குப் போகலாம்னு இருக்கேன், கொஞ்ச நாள் கூட நின்னு பார்த்துக்கிறேன்" என்று கேளுங்கள். எழுத்தில் ஒரு விண்ணப்பமும் தடுப்பூசி அட்டை நகலும் கையில் இருந்தால் பேச்சு எளிதாகிவிடும். ராமையன்பட்டிக் கல்லூரி மருத்துவமனையில் நிற்க விரும்பினால் முதல்வருக்கு முகவரியிட்ட கடிதம் வேண்டும். எத்தனை நாள், எந்தப் பிரிவு, என்ன நோக்கம் என்று தெளிவாக எழுதுங்கள். ஏதாவது ஒரு விலங்கு நல அமைப்பின் பரிந்துரைக் கடிதம் இணைத்திருந்தால் நல்லது. மாணவர்களுக்குத் தேர்வு நடக்கும் வாரங்களில் கேட்காதீர்கள். கல்லூரி சங்கரன்கோவில் ரோட்டில் இருக்கிறது. ஜங்ஷனிலிருந்து பஸ் உண்டு.

அங்கே எதைப் பார்க்க வேண்டும்? ஊசி போடுகிற கையைப் பார்க்காதீர்கள். நாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் கையைப் பாருங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த உதவியாளர் அண்ணாச்சி மேசைக்கு வலப்பக்கம் நின்று, இடது முழங்கையை நாயின் கழுத்துக்கு அடியில் வளைத்துத் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொள்வார். வலக்கை வயிற்றுக்கு அடியில் போகும். இறுக்க மாட்டார், நாய் நெளியும்போது கூடவே கொஞ்சம் நெளிவார். "வாயைப் பாத்துக்கிட்டு நிக்காதிய. காதையும் வாலையும் பாருங்க, அது முன்னாலேயே சொல்லிரும்" என்பார். காது பின்னால் ஒட்டுவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிவது, உடம்பு அசையாமல் விறைப்பது இதெல்லாம் கடிக்கு முன்னால் வரும் அறிவிப்புகள். புத்தகத்தில் படம் இருக்கிறது. ஆனால் உங்கள் கைக்குள் ஒரு நாய் விறைக்கும்போது அது வேறு பாடம்.

ஒரு ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாய் தொங்கி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் நிற்கிற நாயைக் கண்டால் நம் ஆட்கள் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கை விடுவார்கள். வெறிநோய் எப்போதும் சீறிக்கொண்டு வராது. தாடை செயலிழந்து அமைதியாகவும் வரும். வாய் தொங்கும் நாய், குரல் மாறிய நாய், தள்ளாடும் நாய் எதுவானாலும் மருத்துவர் பார்க்கும்வரை வாய்ப்பக்கம் கை போகக் கூடாது.

இரண்டாவது, சுத்தம் செய்வது. காப்பகத்தில் பாதி நேரம் இதுதான், இதில் தவறினால்தான் குட்டிகள் கொத்தாகச் சாகும். நாய்க்குட்டிகளை வாந்தி, ரத்தபேதியில் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றினால் வாசனை மாறுமே தவிர பார்வோ சாகாது. பூனை இருக்கும் அறையில் பினாயில் விஷம். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கியே படுத்துவிடும்.

செய்ய வேண்டியது: மலம், முடி எல்லாம் அள்ளி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதற்கப்புறம் பிளீச் கரைசல். கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. பத்து நிமிடம் தரையில் நிற்க வேண்டும். பிறகு அலசிக் காய விட வேண்டும். அழுக்கு இருக்கும் தரையில் ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துவதாக இருந்தால் மூட்டை திறந்து பல மாதம் ஆனதாக இருக்கக் கூடாது, கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். கழிப்பறை ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள், விஷவாயு வரும். கழுவும் வரிசை: முதலில் ஆரோக்கியமான குட்டிகள், அடுத்து பெரிய நாய்கள், புதிதாக வந்தவை, கடைசியில் நோயாளிக் கூண்டு. நோயாளிக் கூண்டில் பயன்படுத்திய துடைப்பம் அங்கேயே இருக்க வேண்டும். புதிதாக வரும் விலங்கைக் குறைந்தது இரண்டு வாரம் தனியாக வைக்கும் வழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் நல்ல பழக்கம் படியாது, வேறு இடம் தேடலாம்.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில் வேலை பழகினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஈரம், குட்டிகள், எலிக்காய்ச்சல் பயம் எல்லாம் சேர்ந்து வரும். நாயின் சிறுநீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் வெட்டு இருந்தால் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். கையுறை, கம்பூட்ஸ் இரண்டையும் சொந்தக் காசில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, காப்பகத்தில் கிடைப்பது நம் அளவில் இருக்காது.

நம் பகுதிக்கென்று ஒன்று. கன்னி, சிப்பிப்பாறை போன்ற மெலிந்த வேட்டை நாய்கள் இங்கே கைவிடப்பட்டு வருவதுண்டு. உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் இந்த வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் தெளிய வெகுநேரம் எடுக்கும். பதிவுச் சீட்டில் வெறுமனே "நாட்டு நாய்" என்று எழுதாமல் இனத்தையும் எடையையும் எழுதுங்கள். சரியான எடை இல்லாமல் மருத்துவர் மருந்தளவு கணக்கிட முடியாது.

கோசாலைக்குப் போகிறவர்கள் இதெல்லாம் தெரிந்தாலும் மாட்டைக் கையாளத் தனியாகப் பழக வேண்டும். எழ முடியாத மாட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் படுக்க விடக் கூடாது, வயிறு உப்பி மூச்சு நிற்கும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, வைக்கோல் மூட்டை முட்டுக்கொடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இதை மாடு வைத்திருக்கும் உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரே செய்து காட்டுவார்.

5. இலவச இணையப் படிப்புகள்

கைப்பழக்கம் தொடங்கிய பிறகு இவற்றைப் படித்தால்தான் பொருள் விளங்கும். வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் இணைய அகாடமியில் விலங்கு நலம், நாய்க் கருத்தடை, வெறிநோய் பற்றிய பாடங்கள் இலவசமாக உள்ளன. குளோபல் அலையன்ஸ் ஃபார் ரேபீஸ் கன்ட்ரோல் என்ற அமைப்பு வெறிநோய் விழிப்புணர்வுக்கு ஒரு சான்றிதழும், விலங்குகளைக் கையாள்வது, தடுப்பூசி போடும் பணி ஆகியவற்றுக்கு இன்னொரு சான்றிதழும் வைத்திருக்கிறது. நிதானமாகப் படித்தால் மாலை வேளைகளிலேயே முடிக்கலாம்.

பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்காகப் பின்வாங்க வேண்டாம். போனில் மொழிபெயர்த்துப் படியுங்கள். ஆனால் மருந்துப் பெயர், நோய்ப் பெயர் ஆகியவற்றின் ஆங்கில எழுத்துகளை ஒரு நோட்டில் எழுதிப் பழகுங்கள். மருந்துப் புட்டியிலும் சிகிச்சைச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

6. ஊட்டிப் பயிற்சி

தமிழ்நாட்டிலேயே இந்த வேலைக்கு முறையான நேரடிப் பயிற்சி என்றால் முதலில் சொல்ல வேண்டியது நீலகிரியில் ஊட்டி அருகே இருக்கும் வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸின் சர்வதேசப் பயிற்சி மையம். மருத்துவர்களுக்குக் கருத்தடை அறுவைப் பயிற்சி. உதவியாளர்களுக்கும் நாய் பிடிப்பவர்களுக்கும் தனிப் பயிற்சி. வலை போட்டு நாயைக் காயமில்லாமல் பிடிப்பது, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் பராமரிப்பது, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது எல்லாம் உண்டு.

நேரே போய் நின்றால் சேர்க்க மாட்டார்கள். தேதிகளை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு இடம் பிடிக்க வேண்டும். தனியாள் விண்ணப்பத்தைவிட, ஒரு காப்பகமோ உள்ளாட்சி அமைப்போ அனுப்பும் விண்ணப்பம் எளிதாக நடக்கும். கட்டணத்தையும் சில நேரம் அனுப்புகிற அமைப்பே ஏற்கும். ஆகவே நான்காவது படியில் நீங்கள் வேலை பழகும் இடத்தின் பொறுப்பாளரிடம் இதைப் பற்றிப் பேசி வையுங்கள். கட்டணத்தில் தங்குமிடம், சாப்பாடு சேர்ந்ததா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

போகிற வழி: நாகர்கோவில் கோயம்புத்தூர் ரயில் இரவில் நெல்லை வழியாகப் போகிறது, கோவையிலிருந்து பஸ். சொந்த வண்டியில் போனால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், பஸ்ஸில் போனால் வேண்டாம். நம் ஊர் வெயிலில் இருந்து போகிறவர்கள் ஸ்வெட்டரும் மாற்று உடைகளும் கூடுதலாக எடுத்துப்போங்கள். கூண்டு கழுவி நனைந்த உடை அங்கே ஒரு நாளில் காயாது.

மத்திய அளவில் ஹரியானாவின் பல்லப்கரில் தேசிய விலங்கு நல நிறுவனம் இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் தலைமையகமும் இப்போது அங்கேதான். அவ்வப்போது பயிற்சி அறிவிப்பு வரும். தூரத்தையும் மொழியையும் நினைத்துப் பார்த்தால், ஏற்கெனவே வேலையில் இருந்து அமைப்பு அனுப்பி வைத்தால் போகலாம், புதிதாக வருகிறவர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

7. சட்டம் எவ்வளவு தெரிய வேண்டும்

கூண்டு பராமரிப்பவருக்குக்கூட நான்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023. இதன்படி கருத்தடைத் திட்டம் நடத்த விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். இடுக்கி, கம்பிச் சுருக்கு வைத்து நாய் பிடிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளைக் கருத்தடைக்குப் பிடிக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மேலே சொன்ன நீதிமன்ற உத்தரவு குறிப்பிடும் வளாகங்கள் இதற்கு விலக்கு. எந்தத் தெரு, எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் பிடித்தது என்ற பதிவு தப்பினால் இந்த விதி முழுவதும் வீண். பதிவேடு எழுதுவதை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 325. விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்தாண்டு வரை சிறை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத்தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். கொடுமை நடந்தால் புகாரில் இரண்டு பிரிவுகளையும் குறிப்பிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஐம்பது ரூபாயோடு முடிந்துவிடும்.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972. நம் பக்கத்தில் அடிபட்ட மயில், கூந்தன்குளம் பறவைகள், களக்காடு அடிவாரத்துக் குரங்கு என்று ஆட்கள் காப்பகத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமைகூட இந்தச் சட்டத்தில் வரும். வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது; உடனே வனத்துறைக்குத் தகவல் சொல்லி, சொன்ன நேரத்தைக் குறித்து வைத்து, ஒப்படைக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் ஒரு வாரம் வளர்த்தாலும் வழக்கு வரலாம்.

நான்காவது, முதல் படியில் சொன்ன கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம்.

டிகிரி முடித்து, அலுவலக வேலைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் ஓராண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்ட முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கூண்டில் வேலை பார்க்கப் போகிறவருக்கு இது தேவையே இல்லை.

8. பணத்தைப் பறிகொடுக்காமல் இருக்க

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஒரு நிறுவனத்தில் பெருந்தொகை கட்டி "அரசு அங்கீகாரம் பெற்ற வெட்டரினரி அசிஸ்டென்ட்" என்ற சான்றிதழ் வாங்கினார். கற்பித்ததெல்லாம் ஸ்கிரீனில் படம். ஒரு நாயைக்கூடத் தொடவில்லை. எந்தக் காப்பகமும் அதை ஒரு பொருட்டாகக் கேட்கவில்லை.

சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அரசு அமைப்பின் அங்கீகாரம், அந்த எண் என்ன? விலங்குகளோடு நேரடி வேலை எத்தனை மணி நேரம், எங்கே? பயிற்சி தரும் மருத்துவரின் கவுன்சில் பதிவு எண் என்ன? உண்மையான இடம் இதற்குக் கோபப்படாது. "இன்னைக்கே கட்டினா பாதி விலை" என்றால் அன்றைக்குக் கட்டாதீர்கள். சங்கப் பதிவுச் சான்றைக் காட்டி "நாங்க அரசு அங்கீகாரம்" என்பார்கள். சங்கம் பதிவு செய்வது வேறு, பயிற்சிக்கு அங்கீகாரம் வாங்குவது வேறு.

இதுவரை சொன்ன பாதையில் தடுப்பூசி, சான்றுகள், உரிமம், பூட்ஸ், கையுறை, ஊட்டிப் பயணம் எல்லாம் சேர்த்தாலும் தாங்கக்கூடிய செலவுதான். கடன் வாங்கிப் படிக்க வேண்டிய வேலை இது இல்லை.

9. மனசுக்கும் பயிற்சி வேண்டும்

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நீங்கள் பாட்டில் பாலூட்டி வளர்த்த குட்டி பார்வோவில் போகும். பிழைக்காத விலங்கை வலியில்லாமல் முடித்துவைக்க மருத்துவர் முடிவெடுக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது உங்கள் கையாகத்தான் இருக்கும். நெடுநாள் வேலை பார்ப்பவர்கள் சிலர் தூக்கமில்லாமல், எரிந்து விழுபவர்களாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அன்பு இல்லாதவர்களுக்கு இது வருவதில்லை, அன்பு அதிகமாக இருப்பவர்களுக்குத்தான் வருகிறது.

வார விடுமுறையை விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்கு விலங்குகளைக் கொண்டுவருவதற்கு ஓர் எண்ணிக்கை வைத்து அதைத் தாண்டாதீர்கள். தாண்டியவர்கள் வீட்டில் விலங்குகளும் நன்றாக இருப்பதில்லை, மனிதர்களும் நன்றாக இருப்பதில்லை. இறப்பு நடந்த நாளில் கூட வேலை பார்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆண்பிள்ளைகள் இதில் வாயே திறப்பதில்லை, திறக்க வேண்டும். தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

10. சேரும் முன் அந்த இடத்தில் கேட்க வேண்டியவை

பயிற்சி முடிந்து வேலைக்குப் பேசப் போகும்போது கூண்டுகளைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். காலையில் போங்கள், கழுவும் நேரத்தில். மூக்கை எரிக்கும் அமோனியா வாடை அடித்தால் கழுவுவது போதவில்லை என்று பொருள். தண்ணீர்ப் பாத்திரங்களில் பாசி இருக்கிறதா, நோயாளிக் கூண்டு தனியாக இருக்கிறதா, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி காட்டும் வெப்பமானி இருக்கிறதா, மின்வெட்டுக்கு என்ன ஏற்பாடு என்று பாருங்கள்.

வெள்ளத்துக்கு ஏற்பாடு உண்டா என்று கேட்பதையும் விடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெங்கும் கட்டிப்போட்ட மாடுகள் கட்டிய இடத்திலேயே மூழ்கின. கூண்டுச் சாவி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதா, தண்ணீர் ஏறினால் யார் முதலில் எதைத் திறக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறதா?

உங்களுக்காகக் கேட்க வேண்டியது: கடிபட்டால் ஊசிச் செலவு யாருடையது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டா? சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா? ராத்திரிப் பணிக்குத் தனியாளா, இரண்டு பேரா? பதிலை வாங்கிக்கொண்டு, நியமனக் கடிதம் எழுத்தில் கேளுங்கள். "இது சேவை, கடிதமெல்லாம் எதுக்கு" என்பார்கள். சேவை செய்கிறவருக்கும் சம்பள ரசீது வேண்டும். ஊட்டிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதும், நாளை வேறு காப்பகத்துக்கு மாறும்போதும் அனுபவத்தைக் காட்ட அந்தக் கடிதம்தான் கையில் இருக்கும். முதல் நாளே ஒரு நகல் எடுத்து மூன்றாவது படியில் போட்ட கோப்பில் வைத்துவிடுங்கள்.